தசையும் நாணும்: இப்னு சீனாவிலிருந்து சென்னை வரை

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளில், சாலைகள் அமையுமுன் சுமைகள் மனிதரின் தலையிலும் பொதிவிலங்குகளின் முதுகிலுமே ஏறி இறங்கின. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. 1928இல் மதுரை – போடி இருப்புப்பாதையும் திறக்கப்பட்டது. எனினும் தோட்டத்திற்குள் மூட்டையைத் தாங்கியது தொழிலாளியின் உடலே. அவ்வுடலைத் தாங்குவது எது? இவ்வினாவின் வரலாற்றில் முஸ்லிம் மருத்துவர்களுக்கும் தமிழகத்திற்கும் இடமுண்டு.

இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலில் உறுப்புகளைத் தனி உறுப்புகள், கூட்டு உறுப்புகள் எனப் பகுத்தார். எலும்பு, குருத்தெலும்பு, நரம்பு, தசைநாண், பந்தகம், சவ்வு முதலியன தனி உறுப்புகள். அவற்றில் எச்சிறு துண்டும் முழுமையின் பெயரையும் தன்மையையும் பெற்றிருக்கும். 1800ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு மருத்துவர் பிஷா வகுத்த ‘திசு’ எனும் கருத்திற்கு இது மிக அண்மையிலுள்ளது. பந்தகத்தை அரபியர் ‘ரிபாத்’, அதாவது கட்டு, என்றனர். தசைநாணை ‘வத்தர்’ என்றனர். வில்லின் நாணுக்கும் அதே சொல்தான். தமிழும் அரபும் ஒரே உவமையில் சந்திப்பது வியப்பிற்குரியது.

ஆயினும், காலனைப் பின்பற்றி, நரம்பிழையும் பந்தக இழையும் பின்னிய இடைவெளியைச் சதை நிரப்புவதே தசை என்று அவர் கருதியது பிழை. தசைக்குத் தனக்கே உரிய இழைகள் உண்டு. அவற்றுள் ஆக்டின், மயோசின் எனும் இருவகைப் புரத இழைகள் ஒன்றன்மீதொன்று வழுக்கிச் செல்வதே சுருக்கம் என்பதை 1954இல் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன.

அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டனர். தசைநாண், பந்தகம், தோல், குருத்தெலும்பு ஆகியவற்றின் வலிமைக்கு இப்புரதமே அடிப்படை. வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம் வணிகர் தலைமுறைகளாக வளர்த்த தோல் பதனிடும் தொழிலின் மூலப்பொருளும் இதுவே. ஆவாரம் பட்டையின் துவர்ப்பு கொலாஜன் இழைகளைப் பிணைத்துத் தோலை அழுகாமல் காக்கிறது. தொழிற்கூடம் அனுபவத்தால் அறிந்திருந்த பொருளின் வடிவத்தை ஆய்வுக்கூடம் விளக்கிற்று.

மலைக்கு மீண்டும் வருவோம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போதோ அதே தசை சுமையைத் தடுத்தவாறே நீள்கிறது. மறுநாள் வலிக்குக் காரணம் பெரிதும் இந்த இறக்கமே. தசை விரைவில் தேறும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாண் மெல்லவே ஆறும். இரத்தக் குழாயற்ற மூட்டுக் குருத்தெலும்போ தேய்ந்தபின் தானாக மீள்வது அரிது. ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பதால், பறிக்கும் பெண்கள் நாள் முழுதும் குனிந்தும் குந்தியுமே இருக்கின்றனர்.

ஏலத்தில் காய்க்கு விலை உண்டு. தேய்ந்த முழங்காலுக்கு இல்லை. உடற்கூற்றறிவு ஏடுகளோடு நின்றுவிடாமல், ஓய்வாகவும் அளவான சுமையாகவும் உரிய மருத்துவமாகவும் அம்மக்களைச் சென்றடையும்போதே அதன் பயன் நிறைவுறும்.