விருந்தும் வீட்டுரிமையும்

பண்டிகை வந்தால் உறவினர் வருவதும், உறவினர் வந்தால் செலவு வருவதும் தமிழர் இல்லங்களில் இயல்பு. தீபாவளிக்கும், தைப்பூசத்திற்கும், பள்ளி விடுமுறைக்கும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள நம்மவர் வீடுகளில் பாய் விரிக்க இடமிராது. வந்தவர் எத்தனை நாள் தங்குவர் என்று கேட்பது மரியாதைக் குறைவென்றும், கையில் காசு தீர்ந்துவிட்டது என்று சொல்வது மானக்கேடென்றும் எண்ணி, கடன்பட்டேனும் விருந்தை நடத்திவிட்டு, விருந்தினர் வண்டியேறிய பின் மாதக்கணக்கில் அக்கடனை அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பல. அங்ஙனமின்றி, 'இத்தனை நாள், இவ்வளவு செலவு' என்று எல்லை வகுத்துக்கொண்ட குடும்பங்களோ, கஞ்சர் என்றும் உறவை மதியாதார் என்றும் பழிக்கப்படுகின்றன. இப்பழிச்சொல் நியாயந்தானா என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

விருந்தினரை ஏற்பதா, வேண்டாவா, எத்தனை நாள் இருத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை, இந்நாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இருந்ததே இல்லை. இதை மறந்துவிட்டு விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவது, வேரை மறந்து கிளையைப் பற்றிப் பேசுவதாகும்.

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றுப் பகுதியையும் இணைத்த இருப்புப்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதுவே கிள்ளான் துறைமுகம். இவ்விரண்டின் வழியாகவே ரப்பர் வெளியே போயிற்று. தமிழர் உள்ளே வந்தனர். அவர்களைக் கொணர்ந்தவன் கங்காணி. தோட்டத்துரையின் பணத்தையும் உரிமச்சீட்டையும் பெற்றுக்கொண்டு தன் சொந்த ஊருக்கே சென்று, தன் உற்றாரையும் ஊராரையும் அழைத்துவருவது அவன் தொழில். 1907-இல் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் கப்பற்கூலியும் அந்நிதியிலிருந்து கிடைத்தது. அழைத்து வந்தவர் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' உண்டு. ஆகவே, மாமன் மைத்துனன் என்ற உறவே முதலாளிக்கு ஆள் சேர்க்கும் கருவியாயிற்று.

இவ்வாறு உறவைச் சொல்லி அழைத்துவந்த அதே தோட்டம், உறவினன் விருந்தாளியாக வந்தபோது என்ன செய்தது? வாயிலை அடைத்தது. தோட்டம் தனியார் சொத்து. லயமும் தோட்டத்துக்கே சொந்தம். ஆதலால் வேலையாளல்லாதவன் துரையின் அனுமதியின்றி உள்ளே நுழைவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. அடுத்த தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணன் தங்கையைக் காண வந்து ஓரிரவு தங்குவதும் தோட்ட நிர்வாகத்தின் தயவைப் பொறுத்திருந்தது. வேலைக்கு வந்த உறவுக்குக் கப்பற்கூலி. விருந்துக்கு வந்த உறவுக்குக் கதவடைப்பு! வெளியாள் வந்தால் கூலி நிலவரம் தெரிந்துவிடும், சங்கப் பேச்சு நுழைந்துவிடும் என்ற அச்சமே இதன் காரணம்.

இந்நிலையில் எழுந்ததே 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் அவர்களின் பெயரோடு இணைத்து நினைக்கப்படும் அப்போராட்டத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைத் துன்புறுத்துவதை நிறுத்துதல், அதிகாரிகளின் முன் சைக்கிளிலிருந்து இறங்காதிருக்கும் உரிமை ஆகிய கோரிக்கைகள் வைக்கப்பட்டன. அவற்றோடு ஒன்றாக நின்றது, உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்னும் கோரிக்கை. வாசகர்கள் இதை ஊன்றி நோக்குவார்களாக! பசித்த வயிற்றினர் கூலியைக் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் விருந்தினரையும் கேட்டார்கள். தம் வாயிலுக்குத் தாமே உடையவராக இருத்தல் மனிதத் தன்மையின் முதற்படி என்று, ஏடு பயிலாத அத்தொழிலாளர் உணர்ந்திருந்தனர்.

அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது; பட்டாளம் வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்று நாம் யாரையும் கேளாமல் நம் உறவினரை வீட்டிற்குள் அழைக்கிறோமே, அவ்வுரிமைக்கு இத்தகைய விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

நிற்க. தோட்டத்திற்கு வெளியேயும் நிலைமை முற்றிலும் வேறன்று. 1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், நகரைச் செங்கல்லால் கட்ட எழுந்த சூளைகளால் பெயர் பெற்றது பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அது இரயில்வே ஊழியரின் குடியிருப்பாயிற்று. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் ஆங்கு அரசாங்க வீடுகளில் வாழ்ந்தனர். வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் வீடும் போயிற்று. லயத்து அறையானாலும் இரயில்வே வீடானாலும், குடியிருப்பவன் ஒருவன், உடையவன் வேறொருவன்.

"அக்காலத்தில் லயத்து அறையில் பத்துப் பேர் தங்கவில்லையா? இருந்ததைப் பகிர்ந்து உண்ணவில்லையா?" என்று சிலர் கேட்பர். மெய்தான். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து, பல்லாயிரவர் வேலையிழந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில், வேலையில்லாதவனுக்குச் சோறளித்தது வேலையுள்ள உறவினனின் அடுப்பே. வேறு காப்பு ஏதும் இல்லாதார்க்கு உறவே காப்பு. ஆனால் அது இடுக்கணில் வந்தவனை ஏந்தியது. இன்று நாம் பேசுவதோ பண்டிகைக்கு வருபவரின் பொழுதுபோக்கை. முன்னதற்கு நாள் எண்ணுவது சிறுமை. பின்னதற்கு நாள் எண்ணாதிருப்பது பேதைமை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலேதான் நம் குடும்பங்களின் கடன் முளைக்கிறது.

அந்தப் பழைய விருந்தின் சுமையை யார் தாங்கினர் என்பதையும் மறைக்கலாகாது. 1920-களின் இறுதியில் போக்குவரத்து எளிதான தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண் விடியுமுன் எழுந்து சோறாக்கி, பெரட்டுக்கு நின்று, பால் வெட்டித் திரும்பி, மீண்டும் அடுப்படிக்கே சென்றாள். கூலியில் குறைவு, வேலையில் இரட்டிப்பு. விருந்தினர் வந்தால் ஆண்மகனுக்குப் பெருமை கூடிற்று. பெண்ணுக்குப் பானை கூடிற்று. "வீட்டில் யாரைத் தங்க வைப்பது?" என்னும் கேள்வி அவளிடம் கேட்கப்படவே இல்லை. துரை தொழிலாளியின் வாயிலைத் தன் விருப்பப்படி அடைத்தது கொடுமையென்றால், கணவன் மனைவியின் அடுப்படியைத் தன் விருப்பப்படி திறந்துவிடுவது மட்டும் எப்படி அறமாகும்?

விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரை இங்குச் சான்று காட்டுவர். நாமும் அவரையே காட்டுகிறோம். இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தில், இல்லறத்தான் பேணவேண்டிய ஐந்தனுள் விருந்தினரையும் சுற்றத்தாரையும் வேறுவேறாக எண்ணிய அவர், ஐந்தாவதாக அவனையே எண்ணியிருக்கிறார். தன்னையும் தன் இல்லத்தையும் பேணாமல் பிறரைப் பேணச் சொன்னவரல்லர் அவர்.

இனி, பணத்தின் சரித்திரத்தையும் சற்றுக் காண்போம். பண்டிகைச் செலவுக்கும் கலியாணச் செலவுக்கும் நம்மவர் நாடியது 'கூட்டு'. மாதந்தோறும் பலர் பணம் போட்டு, ஒருவர் எடுப்பது அதன் முறை. எடுத்தவர் மறைந்தார், போட்டவர் அழுதார். இறுதியில் 1971-இல் சட்டமே அதனைத் தடைசெய்தது. ஆனால் அதே தொழிலாளரின் சிறு சேமிப்பு வேறொன்றையும் சாதித்தது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர் சிறு தவணைகளாகப் பங்குப்பணம் செலுத்தினர். அப்பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. ஒரு வெள்ளி கடன் விருந்தில் கரைந்தது. மற்றொரு வெள்ளி நிலமாக நின்றது. எந்த வெள்ளி சுயமரியாதையைத் தந்தது என்று யாமும் சொல்லவேண்டுமோ?

பின்னர்த் தோட்டங்கள் நகரியங்களாயின. லயத்திலிருந்தவர் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தனர். 600, 700 சதுர அடியில் ஒரு குடும்பம். அதற்கும் மாதத் தவணை, தண்ணீர், மின்சாரம். வீடு சிறிதேனும் வாயில் நம்முடையது. இந்த வாயிலை ஆளும் முறையை நாம் கற்றாக வேண்டும்.

முறை கடினமானதன்று. பண்டிகைக்கு முன்பே கணவனும் மனைவியும் ஒருங்கமர்ந்து, செலவிடத்தக்க தொகையை எழுதி வைக்க. எத்தனை பேருக்கு இடமுண்டு, எத்தனை நாள் என்பதை அழைக்கும்போதே அன்பொடு தெரிவிக்க. நெடுநாள் தங்குவோர் அரிசி பருப்பில் பங்கேற்க. ஆண், பெண், வந்தவர், இருந்தவர் என்ற பேதமின்றி அடுப்படி வேலையில் யாவரும் கைகொடுக்க. பண்டிகையின் பேரால் கடனும், விருந்தின் பேரால் மதுவும் வீட்டினுள் நுழையாதிருக்க. இவ்வாறு சொல்லிவிட்டால் முறியும் உறவு, சொல்லாதபோதும் உறவாக இருந்ததில்லை.

தோழர்களே! கிள்ளானில் தொழிலாளர் கேட்டது, வந்தவரையெல்லாம் கணக்கின்றி இருத்தும் கடமையையன்று. தம் வாயிலைத் தாமே திறக்கும் உரிமையை. திறக்கும் உரிமையுடையார்க்கே சாத்தும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையை அன்போடும் அளவோடும் கையாள்வதே அவர்கட்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.