நோபோரு என்றொரு பெயர்

பேஸ்பாலுக்கு ஜப்பானில் பெயர் யாக்யூ. எழுதினால் இரண்டே எழுத்து. முதல் எழுத்துக்குத் திறந்தவெளி என்று பொருள், அடுத்ததற்குப் பந்து என்று பொருள். இந்தப் பெயரை வைத்தவர் கவிஞர் மசாவோகா ஷிகி என்று வெகுகாலம் பலர் நம்பினார்கள். அது சரியல்ல. ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால் அழகான ஒரு சிலேடை அகப்படுகிறது.

ஷிகி 1867இல் மட்சுயாமாவில் பிறந்தவர். ஹைக்கூவுக்குப் புத்துயிர் தந்தவர் என்று நாம் அறிந்த அதே ஷிகிதான். டோக்கியோவில் படித்த நாளில் பேஸ்பால் என்றால் அவருக்கு உயிர்; கேட்சராக நின்று ஆடினார். அவரைக் கூப்பிட்ட பெயர் நோபோரு. ஜப்பானியத்தில் ஓர் எழுத்தைப் பலவாறு படிக்க இடமுண்டு. யாக்யூவின் முதல் எழுத்தை ‘யா’ என்று படிப்பது போலவே ‘நோ’ என்றும் படிக்கலாம். இரண்டாவது எழுத்தின் பொருள் பந்து. ஆங்கிலப் ‘பால்’ ஜப்பானிய நாவில் ‘போரு’. நோ, போரு: நோபோரு! 1890வாக்கில் இந்த இரண்டு எழுத்தையே தம் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

அதே இரண்டு எழுத்தை யாக்யூ என்று படித்து ஆட்டத்துக்குச் சூட்டியவர் சூமான் கனாயே. அது 1894இல். முன்னது ஓர் ஆளின் பெயர், பின்னது ஓர் ஆட்டத்தின் பெயர். எழுத்து ஒன்றாக இருந்ததால் புகழும் இடம் மாறிவிட்டது. யாக்யூ என்ற பெயரை அவர் வைக்கவில்லை என்பதற்கு ஷிகியே சாட்சி. ‘நிப்போன்’ நாளிதழில் பணியாற்றிய அவர், 1896இல் அதில் பேஸ்பாலை வாசகர்களுக்கு விளக்கி எழுதினார். பேஸ்பாலுக்கு இதுவரை மொழிபெயர்ப்பே இல்லை, இங்கே தரும் சொற்கள் என் ஆக்கம், அவை முழுக்கப் பொருந்தவில்லை என்பதும் எனக்குத் தெரியும் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவருடைய உண்மையான கொடை அந்தப் பத்திகளில்தான் இருக்கிறது. மட்டை பிடிப்பவருக்குத் தாஷா, அதாவது அடிப்பவர். ஓட்டக்காரருக்குச் சோஷா. உயரே எழும் பந்துக்கு ஹிக்யூ, பறக்கும் பந்து. நூற்றாண்டு கடந்தும் ஜப்பானிய நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் இவை புழங்குகின்றன. எல்லாமே நிலைத்துவிடவில்லை. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே காவல் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பை ஆங்கிலச் சொல்லின் வழியே போய் ‘குறுகிய தடுப்பு’ என்ற பொருளில் பெயர்த்தார். அது வழக்கொழிந்தது. சூமான் அந்த ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்தார். ‘சுற்றித் திரிந்து தாக்குபவர்’ என்று பொருள்படும் யூகெகிஷு பிறந்தது. இன்றைக்கும் அதுதான் வழக்கு. இந்த ஒரு சொல்லில் சூமானே ஷிகியை வென்றார் என்பேன்.

ஷிகி என்பதும் அவர் சூடிக்கொண்ட பெயரே. பாடிப் பாடி இரத்தம் கக்கும் என்று சொல்லப்படும் குயிலினப் பறவை ஒன்றின் பெயர் அது. 1889இல் காசநோயால் இரத்தம் கக்கியபின் அதை ஏற்றார். நோய் முதுகெலும்பைத் தாக்கியிருப்பது தெரியவந்தது 1896இல். நடப்பதே அரிதாகிப்போன அதே ஆண்டில்தான் ஓடுபவருக்குச் சோஷா என்று பெயர் வைத்தார். 1902இல், 34 வயதில் மறைந்தார்.

ஜப்பானின் பேஸ்பால் புகழ்க்கூடம் சூமானை 1970இலும் ஷிகியை 2002இலும் சேர்த்துக்கொண்டது. மட்சுயாமாவின் பேஸ்பால் அரங்கில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பெயர் ‘நோ போரு’.