கண்ணாடிக்குள் பாம்பு, கைப்பிடி மருந்து

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய ஆல்பம் ஒன்று அகப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்திற்காக விருதுநகரிலிருந்து சென்னை சென்ற நாங்கள் நால்வர், மாலை ரயிலுக்கு நேரமிருந்ததால் கிண்டி பாம்புப் பண்ணைக்குள் நுழைந்து, இரவல் வாங்கிய பிலிம் கேமராவில் எடுத்த படங்கள் அவை. மொத்தம் 11. ஒன்றிலும் பாம்பு இல்லை. ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ஒரு வெண்சூரியன். அதன் ஓரத்தில் கேமராவைக் கண்ணில் ஒற்றியபடி நிற்கும் எங்கள் நிழலுருவம். பிலிமைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "பாம்பு எங்கப்பா? பூராம் தீபாவளியால்ல இருக்கு" என்றார். அன்று வெட்கப்பட்டோம். அவர் வேடிக்கையாகச் சொன்னது வரலாற்றின்படியும் சரிதான் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

நேராக வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் திருப்பி அனுப்பிவிடும். முன்பின் இரு பரப்புகளுக்கும் சேர்த்து 8 விழுக்காடு. சிறிய அளவுதான், ஆனால் கேமராவின் பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவ்வளவும் லென்ஸுக்குள்தான் வந்து விழுகிறது. இருண்ட பெட்டியின் மூலையில் சுருண்டிருக்கும் விரியனிடமிருந்து வரும் மங்கலான ஒளி அதன்முன் எம்மாத்திரம்!

பாம்பு கண்ணாடிக்குப் பின்னால் போனது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். 1849இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு கட்டடம் திறந்தார்கள். உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது. மூன்றாண்டுகள் கழித்து, 1852இல், அங்கே பணியாளர் ஒருவர் நல்லபாம்பை வெளியே எடுத்து விளையாட்டுக் காட்டப்போய், மூக்கில் கடிபட்டு இறந்தார். கண்ணாடி இருந்தும் அதைத் தாண்டிக் கை நீட்டிய மனிதர் அவர். சென்னையில் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தோடு இணைத்து ஒரு விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கினார்.

ஆனால் பாம்பின் படம்? 1796இல் பாட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இருப்பவை ஓவியங்கள். 1872இல் ஜோசப் ஃபேரர் இந்திய நச்சுப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டபோதும், கல்கத்தா ஓவியப் பள்ளியின் இந்திய மாணவர்கள் வரைந்த வண்ண ஓவியங்களையே அதில் சேர்த்தார். இத்தனைக்கும் புகைப்படக் கலை பிறந்து அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. தடையாக இருந்தது வெளிச்சம். அக்காலத் தகடுகளுக்கு நல்ல வெயிலிலேயே சில வினாடிகள் வேண்டும். அறைக்குள்ளே, கண்ணாடிக்குப் பின்னே, நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் உயிரை அப்படிப் பிடிக்க இயலாது.

1860களில் மக்னீசியக் கம்பி விலைக்கு வந்தது. எரித்தால் பகல்போல் ஒளிரும் உலோகம். பியாட்ஸி ஸ்மித் என்ற வானியலாளர் 1865இல் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் அதைக் கொளுத்திப் படமெடுத்தார். கம்பி மெதுவாக எரிந்தது, புகைந்தது. 1887இல் மீதே, கெடிக்கே என்னும் இரு ஜெர்மானியர்கள் அதற்கு மாற்றுக் கண்டார்கள். மக்னீசியப் பொடி, பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்பைடு மூன்றையும் கலந்து கொளுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பளீரென ஒரு வெளிச்சம். புகைப்படக்காரர்கள் அதை ஒரு தட்டில் கொட்டி, தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, பற்றவைத்தார்கள். ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர் இவ்வகைப் பொடியைக் கொண்டே இரவில் காட்டு விலங்குகளைப் படம்பிடித்தார். 1906இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் அவை வெளிவந்து உலகையே வியக்கவைத்தன.

இந்தக் கலவையின் செய்முறையை எங்கள் குழுவில் ஒருவர் உரக்கப் படித்தபோது, திண்ணையில் படுத்திருந்த அவருடைய தந்தையார் எழுந்து உட்கார்ந்தார். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் முப்பது ஆண்டுகள் மருந்து அறையில் வேலை பார்த்தவர். (எங்கள் ஊர்களில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான், உடம்புக்குச் சாப்பிடுவது பிறகு.)

"குளோரேட்டையும் சல்பைடையும் ஒண்ணாவா கலந்தாங்க?"

"ஆமாப்பா. தட்டுல வச்சு, தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு."

"படம் புடிக்கவா? கை இருந்துச்சா அவங்களுக்கு?"

பலருக்கு இல்லை என்பதே விடை. பொடியைக் கலக்கும்போதும் தட்டில் கொட்டும்போதும் விரல்களையும் கண்களையும் உயிரையும் இழந்த புகைப்படக்காரர்கள் பலர். பெரியவருக்கு இது வியப்பாக இல்லை. வெடி உப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் அவர் கைபட்ட பொருள்கள். அலுமினியம், மக்னீசியம் என்று உலோகம்தான் மாறுகிறது, குணம் ஒன்றே. உராய்ந்தாலும் ஈரம் பட்டாலும் அது யாரையும் கேட்டுக்கொண்டு பற்றுவதில்லை.

ஆக, ஒரே மருந்துக்கு இரண்டு வழிகள் பிரிகின்றன. புகைப்படக்காரர்கள் தங்கள் வழியை விரைவில் மாற்றிக்கொண்டார்கள். 1929, 1930 ஆண்டுகளில் பிளாஷ் பல்பு வந்தது: மெல்லிய அலுமினியத் தகடும் ஆக்சிஜனும் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் அடைபட்டன. பாம்பைக் கண்ணாடிக்குள் வைத்த அதே யோசனைதான்! 1930களில் ஹெரால்ட் எட்கர்ட்டன் மின்னணு பிளாஷை உருவாக்கவே, அதன்பின் எரிபொருளுக்கே தேவை குறைந்தது. கேமராவைப் பிடித்த கை தப்பிவிட்டது.

சிவகாசியில் நடந்தது வேறு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த, வேளாண்மை கைகொடுக்காத கரிசல் மண்ணுக்கு அதனால் ஒரு பிழைப்பு வந்தது. 1940இன் வெடிபொருள் விதிகள் உரிமத்தைக் கட்டாயமாக்கியதை ஒட்டிப் பட்டாசு ஆலைகள் முறையாக எழுந்தன. ஐரோப்பியப் புகைப்படக்காரன் அஞ்சி விலகிய வேலையை, அதாவது உலோகப் பொடியையும் உப்பையும் கையால் கலக்கும் வேலையை, இங்கே ஆயிரக்கணக்கானோர் அன்றாடக் கூலிக்குச் செய்தனர், செய்கின்றனர். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்த வெடிபொருள்களை நடுவணரசு தடைசெய்தது 1992இல்தான். மீதேயின் தட்டுக்குப் பின் ஒரு நூற்றாண்டு! 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அவர்களுள் அடங்குவர். அன்று கேட்ட ஓசையைப் பற்றிப் பெரியவர் பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

கிண்டிக்குத் திரும்புவோம். ரோமுலஸ் விட்டேக்கர் 1972இல் அங்கே பாம்புப் பண்ணையை அமைத்தபோது, தமிழகத்தில் பாம்பு என்றால் அடிப்பதற்கு அல்லது தோலை உரித்து விற்பதற்கு. இருளர்கள் தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்தனர். அவ்வணிகம் தடைசெய்யப்பட்டபின், 1978இல், அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்று, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுக்கும் தொழிலாக அவ்வறிவு மாறியது. கண்ணாடிக்கு முன்னால் நின்று நிதானமாகப் பார்த்த தலைமுறை ஒன்று, பாம்பைக் கண்டதும் கல்லெடுக்காமல் ஆளைக் கூப்பிடக் கற்றுக்கொண்டது என்பது எங்கள் எண்ணம். அந்தக் கண்ணாடி செய்த நன்மையை நாங்கள் குறைத்து மதிப்பிடமாட்டோம்.

சென்ற முறை போனபோது பிளாஷை அணைத்துவிட்டோம். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து, லென்ஸின் ரப்பர் வளையத்தை அதன்மீது இடைவெளி இல்லாமல் ஒட்டவைத்து, கறுப்புத் துணியால் சுற்றிலும் மறைத்துக்கொண்டால் வெளி ஒளி நுழைய வழியில்லை. லென்ஸின் துளையை முழுதும் திறந்தால் கண்ணாடியின் கீறல்கள் மங்கிப்போகும். பிறகு காத்திருக்க வேண்டும். பாம்புக்கு அவசரமில்லை; கண்ணாடியைத் தட்டி எழுப்ப முயன்ற ஓர் இளைஞரை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே தடுக்க நேர்ந்தது. அரை மணி நேரத்தில் நல்லபாம்பு ஒன்று தலையைத் திருப்பியது. ஒரே படம் எடுத்தோம்.

ஊருக்கு வந்து பெரியவரிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"லைட்டு அடிக்கலையா?"

"இல்லைப்பா."

"கண்ணு ஏன் பால் ஊத்துன மாதிரி இருக்கு?"

பாம்புக்கு இமை கிடையாது, கண்மேல் கண்ணாடி போல ஒரு செதில்தான் இருக்கிறது, சட்டை உரிக்கும் நாள் நெருங்கினால் அது வெளுத்துவிடும் என்றோம்.

"அப்ப அதுக்கு நம்மளத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.