கரிசல் காட்டில் பாகப்பிரிவினை: ஜமீன், கிணறு, பட்டாசு ஆலை

நிலத்தைக் கூறு போடுவதில் சிக்கல் குறைவு. சங்கிலி பிடித்து அளந்து, எல்லைக்கல் நட்டு, தபசிலில் நான்குமால் எழுதிவிட்டால் காரியம் முடிந்தது. விருதுநகர் மாவட்டத்தின் பாகப்பிரிவினை வரலாற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது வேறொன்று. வெட்டிப் பிரிக்க முடியாத ஒரு சொத்து குடும்பத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஜமீன். மானாவாரிக் காட்டில் அது கிணறு. கடந்த நூறாண்டில் தீப்பெட்டி ஆலையும் பட்டாசு ஆலையும் அந்த இடத்துக்கு வந்தன. யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சட்டம் சொன்னது. அந்தப் பங்கு என்ன பெறும் என்பதை இந்தப் பிரிக்க முடியாத சொத்துகளே முடிவு செய்தன என்பது இக்கட்டுரையின் வாதம். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைய மாவட்டம் இரண்டு வேறுபட்ட நில ஏற்பாடுகளின் மேல் நிற்கிறது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அங்கே பெரும்பாலும் ரயத்துவாரி. குடியானவன் பெயரிலேயே பட்டா. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சேதுபதிகளின் இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது. 1910-ல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது இரண்டும் ஒரே மாவட்டத்தின் கீழ் வந்தன. 1985-ல் இன்றைய மாவட்டம் பிரிந்தபோதும் சேர்ந்தே வந்தன. ஆனால் வாரிசுரிமையில் இவ்விரு பகுதிகளும் வெகுகாலம் எதிரெதிர்த் திசைகளில் நடந்தன.

ஜமீன் வழி மூத்தவன் வழி. 1802-ம் ஆண்டின் நிரந்தர ஒப்பந்த ஒழுங்குமுறையின்படி 1803-ல் இராமநாதபுரத்துக்குச் சன்னது வழங்கப்பட்டது. பெற்றவர் இராணி மங்களேஸ்வரி நாச்சியார். ஒருவர் கையில் முழுமையாக இருப்பதே ஜமீனின் இலக்கணம். தம்பிமாருக்கும் மற்றப் பங்காளிகளுக்கும் ஜீவனாம்சம் உண்டு, பாகம் கிடையாது. ஜமீன் கட்ட வேண்டிய வரியான பேஷ்குஷ் தவறாமல் வந்து சேர வேண்டும் என்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இது வசதியாக இருந்தது. நாற்பது பேரிடம் வசூலிப்பதைவிட ஒருவரிடம் வசூலிப்பது சுலபம்.

ஒருவருக்கே எல்லாம் என்றால் அந்த ஒருவர் யார் என்ற கேள்வி குடும்பத்தையே தின்றுவிடும். அண்டையிலிருந்த சிவகங்கை ஜமீனில் அதுதான் நடந்தது. கௌரி வல்லபத் தேவர் 1829-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். அண்ணன் வழியினர் ஒரு பக்கம், விதவைகளும் மகள்களும் மறுபக்கம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-ல்தான் முடிந்தது. குடும்பம் பிரியாமல் இருந்தாலும் ஜமீன் அவர் தாமே தேடிய சொத்து (சுயார்ஜிதம்) என்பதால் அது அண்ணன் வழிக்குப் போகாது என்று சொல்லி, மகள் காத்தம நாச்சியாருக்குத் தீர்ப்பு கிடைத்தது. முப்பத்து நான்கு ஆண்டு வழக்கு. ஐந்து ஆண்டு கழித்து, 1868-ல், இராமநாதபுரம் ஜமீனின் சுவீகார வழக்கிலும் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. விதவை இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் கணவன் வழி நெருங்கிய உறவினர்களான சப்பிண்டர்களின் சம்மதத்தோடு எடுத்த சுவீகாரம் செல்லும் என்றது. கணவன் வெளிப்படையாக அனுமதி தராவிட்டாலும் தென்னாட்டு வழக்கப்படி விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்பதற்கு இன்றும் வழக்கறிஞர்கள் நினைவுகூரும் தீர்ப்பு அது.

1904-ல் சென்னை மாகாணம் பாகம் செய்ய முடியாத எஸ்டேட்டுகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, அந்தத் தன்மையை உறுதி செய்தது. பிறகு வந்தது 1948-ம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம். இராமநாதபுரம் ஜமீன் 1949-ல் அரசு வசமானது. இச்சட்டத்தின் 45-வது பிரிவை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த வரலாற்றின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பிரிக்க முடியாத எஸ்டேட்டுக்கு வரும் நஷ்டஈட்டை ஜமீன்தார், அவருடைய ஆண்வழிச் சந்ததியார், ஜீவனாம்சம் பெற உரிமையுள்ளவர்கள் ஆகியோருக்கிடையே பங்கிடும் முறையை அப்பிரிவு வகுத்தது. நிலமாக இருந்தவரை துண்டாக்க முடியாத சொத்து, பணமாக மாறியதும் பாகத்துக்கு வந்துவிட்டது.

இந்த இழுபறி நம் பகுதிக்கே உரியதென்று எண்ண வேண்டியதில்லை. ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்காவிலும் இரண்டு வழிகளும் அருகருகே இருந்தன. வர்ஜீனியாவில், உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே போனது. பரம்பரை பரம்பரையாக நிலத்தைக் கட்டிவைக்கும் ஏற்பாட்டை 1776-லும், மூத்தவன் உரிமையை 1785-லும் ஜெபர்சனும் அவர் கூட்டாளிகளும் ஒழித்தார்கள். மாசசூசெட்ஸில் 1641-லேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. மூத்த மகனுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. பண்ணையைத் துண்டாக்கினால் மொத்தமும் கெட்டுவிடும் என்று நீதிமன்றம் கருதினால் ஒரு மகனிடம் நிலத்தை ஒப்படைத்து, மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுக்கச் சொன்னது. நம் நாட்டில் 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2-வது, 3-வது பிரிவுகள் இதற்கு நெருக்கமானவை. வசதியாகப் பிரிக்க முடியாத சொத்தை, பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால், விற்றுப் பணமாகப் பங்கிட நீதிமன்றம் உத்தரவிடலாம். மற்றப் பங்குதாரர் அந்தப் பங்கை மதிப்புப் போட்டுத் தாமே வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம்.

ரயத்துவாரிப் பகுதிக்கு வருவோம். இங்கு வழங்கிய இந்துச் சட்ட மரபான மிதாட்சர முறையில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு. அண்ணன் தம்பி எல்லாரும் சமம். கரிசலில் இந்தச் சமத்துவம் மண்ணின் மேல் எப்படி இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். மேட்டுப் பக்கம் ஒரு தரம், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் பக்கம் ஒரு தரம். ஆகவே ஒவ்வொருவருக்கும் மேடும் பள்ளமும், பாதையும் கிணறும் எட்டும்படி நெடுக்குவாட்டில் கூறு போட்டார்கள். இரண்டு தலைமுறை கழிந்ததும் நீளமான நாடாக்களாகக் காடு கிடந்தது. சர்வே எண்ணின் வாலில் 1ஏ, 1பி, 1பி2 என்று உட்பிரிவுகள் வளர்ந்தன. தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 1970-71-ல் 1.45 ஹெக்டேர், 2015-16-ல் 0.75 ஹெக்டேர். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் போடும் மானாவாரியில் இந்தச் சுருக்கம் நஞ்சையைவிட அதிகமாகச் சுடும்.

கிணற்றை மட்டும் நெடுக்குவாட்டில் வெட்ட முடியாது. அதனால் இப்பகுதிப் பாகப் பத்திரங்களில் எழுத்தர் மிகக் கவனமாக எழுதும் பத்தி நிலத்தைப் பற்றியதாக இராது. கிணற்றில் நாலில் ஒரு பாகம், அதிலுள்ள மோட்டார் பம்புசெட்டில் நாலில் ஒரு பாகம், மின் இணைப்பிலும் டெபாசிட்டிலும் அதே விகிதம், வாய்க்கால் வழியே தண்ணீர் கொண்டுபோகும் பாத்தியதை, மாடும் வண்டியும் போய்வரும் நடைபாதை. இவை விடுபட்டால் பங்கு காகிதத்தில்தான் இருக்கும். பாகத்தின்போது தவிர்க்க முடியாத பாதை, நீர் உரிமைகளை 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு காக்கிறது என்றாலும், ஊரில் சண்டை அந்தப் பத்தியின் சொற்களை வைத்தே நடக்கும்.

கமலை இறைத்த காலத்தில் மாடுகளின் சக்தியே ஒரு வரம்பாக இருந்தது. ஒருவர் தன் முறையில் எவ்வளவு இறைத்தாலும் மறுநாள் ஊற்று ஊறிவிடும். மோட்டார் வந்ததும் முறை நாளில் கிணற்றையே வற்றடிக்க முடிந்தது. மின் இணைப்பு ஒருவர் பெயரில்தான். பெரும்பாலும் மூத்தவர் பெயரில். மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் செலவை யார் தருவது என்பதில் தொடங்கும் பேச்சு, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போவதில் முடியும். பிறகு ஒருவர் தன் பங்கில் ஆழ்துளைக் கிணறு போடுவார். மற்றவர்களும் போடுவார்கள். பொதுக்கிணறு கைவிடப்படும். பத்திரத்தில் நாலில் ஒரு பாகம் அப்படியே இருக்கும், தண்ணீர் இராது. அண்ணன் தம்பிகளை விருப்பமில்லாமலாவது ஒரே வரப்பில் நிறுத்தி வைத்திருந்த கடைசிப் பொதுச் சொத்து இப்படித்தான் அழிந்தது. இந்த அழிவுக்கு நில உச்சவரம்பைவிடக் கூடுதல் கவனம் தந்திருக்க வேண்டும்.

உச்சவரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1961-ம் ஆண்டின் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. இந்தத் தேதிகளைச் சுற்றி ஏராளமான குடும்பங்கள் காகிதத்தில் பிரிந்தன. புஞ்சையில் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கருக்குப் பல சாதாரண ஏக்கர் என்பதால் கரிசலில் பெரும்பாலானோரை இது தொடவில்லை.

காட்டில் வருமானம் சுருங்கச் சுருங்கப் பணம் வேறிடம் தேடியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கினார்கள். பின்னர் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. இராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய மில்லும் இதே போக்கைச் சேர்ந்தது. கம்பெனிப் பங்குக்கு வரப்பில்லை. நான்கு மகன்களுக்கு நான்கு பங்கு என்றால் ஒரு பட்டியலில் எண்களை மாற்றினால் போதும்.

பட்டாசு ஆலை அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை. வெடிபொருள் விதிகளின்படி மருந்துக் கலவை அறைக்கும் அடுத்த அறைக்கும், அறைகளுக்கும் வெளிச்சாலைக்கும் குறிப்பிட்ட பாதுகாப்பு இடைவெளி வேண்டும். சும்மா கிடப்பதுபோல் தோன்றும் அந்தக் கரிசல் தரையே உரிமத்தின் உயிர். அண்ணன் தம்பி நடுவில் கோடு போட்டால் இரு பக்கமும் இடைவெளி குறைந்து இரண்டு ஆலையும் நிற்கும். உரிமதாரர் இறந்தால் வாரிசுகள் புது உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்வரை விதி கொஞ்சம் அவகாசம் தருகிறது; பெயரும் லேபிளும் யாருக்கு என்பதைக் குடும்பமே தீர்க்க வேண்டும். கூட்டாண்மைப் பத்திரம் எழுதிச் சேர்ந்து நடத்துவது நேர்வழி. அறைகளை ஆளுக்கு ஆள் உள்குத்தகைக்கு விடுவது சட்டவிரோத வழி. ஒரே உரிமத்துக்குள் பல முதலாளிகளையும் கணக்கில்லாத ஆட்களையும் அது கொண்டுவருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்துக்குப் பிறகு உள்குத்தகை பற்றிய பேச்சு பெரிதாக எழுந்தது. அந்த அறைகளில் உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாளர் பலர், துண்டு துக்காணியாகிப்போன மானாவாரிக் காடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இத்தனை பேச்சிலும் மகள்கள் இல்லை. சிவகங்கையில் ஒரு மகள் 1863-ல் ஜமீனையே வென்ற நாட்டில், குடியானவன் மகளுக்கு நகையும் சீரும்தான் பங்கு. விதவைகளுக்கு உரிமை தந்த 1937-ம் ஆண்டின் மத்திய சட்டம் விவசாய நிலத்தைத் தொடவில்லை. சென்னை மாகாணம் 1947-ல் தனிச் சட்டத்தால் அதை விரிவாக்கியது. 1956-ம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் பங்கில் மகளுக்கும் இடம் தந்தது. ஆனால் பூர்வீக வீட்டைப் பிரிக்கும்படி கேட்க, ஆண்கள் பிரியும்வரை அவள் காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளைப் பிறப்பிலேயே பங்காளியாக்கியது; அதற்கு முன்பே கல்யாணமானவர்களை ஒதுக்கியது. 2005-ம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. நடைமுறையில் பதில் விடுதலைப் பத்திரம். தகப்பனார் இறந்தபின் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அக்கா தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துவந்து, சொற்பத் தொகைக்குக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயத்தில் போடும் கையெழுத்தை விருப்பம் என்று எழுதுவது எனக்கு வலிக்கிறது.

மகள்களின் பங்குரிமை பற்றிய வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதில் ஒரு பகுதி கரிசலுக்கு நேரடியாகப் பொருந்தும். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப் பத்திரங்களும் நீதிமன்றத் தீர்ப்பாணையால் நடந்த பாகங்களும் செல்லும். வாய்மொழிப் பாகம் என்ற வாதம் எளிதில் ஏற்கப்படாது. பொது ஆவணங்கள் துணைநின்றால்தான் அரிதாக ஏற்கப்படும். பத்திரச் செலவுக்கு அஞ்சி, கயிறு பிடித்து வாயாலேயே கூறு போட்டுக்கொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். தாத்தா பெயரிலும் கூட்டுப்பட்டாவிலும் இன்றும் காடு கிடக்கிறது. பிரதமரின் கிசான் தொகைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு அது தெரிய வருகிறது. அண்ணன் தம்பிகள் எப்போதோ பிரித்துக்கொண்டதாக நினைக்கும் அந்தக் காடு, சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் இன்னும் பிரியவில்லை. வேலிகாத்தான் மண்டிய அந்தச் சர்வே எண்களில்தான் மகள்களின் பங்கு இன்னும் முழுதாகக் கேட்கக் கூடியதாக நிற்கிறது.