ஆம்ப்ளிஃபயர் மின்வழங்கியில் ஷார்ட் கண்டறிதல்

ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கியில் இரு முனைகள் மிகக் குறைந்த தடையில் இணைந்து, அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்வதே ஷார்ட் எனப்படும் குறுக்குச்சுற்று. ஸ்விட்ச் போட்டவுடன் ஃபியூஸ் போவதும் டிரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடேறுவதும் இதன் அறிகுறிகள். போன ஃபியூஸுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸையோ செம்புக் கம்பியையோ போடுவது மிகவும் ஆபத்தானது. டிரான்ஸ்ஃபார்மர் கருகும், தீயும் பற்றலாம்.

சோதனைக்குச் சிறந்த துணை சீரிஸ் பல்பு. 230 வோல்ட் லைனில், ஆம்ப்ளிஃபயருக்குத் தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு இணைக்கப்படுகிறது. முழு ஷார்ட் இருந்தாலும் 100 வாட் பல்பு வழியே தொடர்ந்து பாய்வது சுமார் 0.43 ஆம்பியர்தான். பல்பு கணநேரம் மின்னி மங்கினால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் சார்ஜ் ஆகிவிட்டன என்று பொருள். மங்காமல் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இழை சூடேறும்போது தடை உயர்வதை நம்பிய முறை இது, எல்.இ.டி. பல்பு உதவாது. எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கிகளில் இது தவறான முடிவைத் தரலாம்.

மீட்டர் வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்களில் உள்ள மின்னூட்டத்தை 100 ஓம், 5 வாட் தடை வழியே வடிக்க வேண்டும்.

அடுத்து, பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி வயர்களைக் கழற்றிய பின்பும் பல்பு பிரகாசமாக எரிந்தால் பழுது டிரான்ஸ்ஃபார்மரிலோ அதற்கு முந்தைய வயரிங்கிலோ உள்ளது. சுருளின் சில சுற்றுகள் மட்டும் ஒட்டியிருப்பதை ஓம் மீட்டர் பெரும்பாலும் காட்டாது. மீட்டரின் டயோடு சோதனையில், பிரிட்ஜின் நல்ல டயோடு ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்டும். மறுதிசையில் எதுவும் காட்டாது.

பல நேரங்களில் மின்வழங்கி நன்றாகவே இருக்கும். பழுது அவுட்புட் டிரான்சிஸ்டரில் இருக்கும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசையிலும் சுழியத்தை ஒட்டிய தடை காட்டினால் சந்தேகம் வலுக்கும். இணையாகப் பல டிரான்சிஸ்டர்கள் இருந்தால் ஒன்று போனாலும் எல்லாமே போனதாகத் தெரியும். ஒவ்வொன்றையும் கழற்றித்தான் அளக்க வேண்டும். 2என்3055, எம்ஜே2955 போன்றவற்றில் உலோக உடலே கலெக்டர். அடியிலுள்ள மைக்கா காப்புத் தகடு கிழிந்தால் மின்சாரம் ஹீட்சிங்க் வழியே கிரவுண்டுக்குப் போய்விடும். நல்ல டிரான்சிஸ்டரை வீணாக மாற்றவைக்கும் பழுது இது.

பழுது நீக்கிய பின் முதல் சோதனையும் சீரிஸ் பல்புடனேயே, ஸ்பீக்கர் இல்லாமல் நடக்க வேண்டும். ஸ்பீக்கர் முனையில் டி.சி. வோல்ட் சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டாதபோதுதான் ஸ்பீக்கரை இணைக்கலாம்.