ஆயா உரைத்த மஞ்சள்

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை ஆய்ந்த கையைக் கழுவிவிட்டு, ஆயா கல்லில் கஸ்தூரி மஞ்சள் உரைப்பார். வேப்பங்கொழுந்தை அரைத்துச் சேர்த்து என் கன்னத்துப் பருவில் பூசுவார். "சூடுடி, கிள்ளாத" என்பார்.

சிவப்பு, வீக்கம், ஆயா சொன்ன சூடு, வலி என்று அழற்சியின் நான்கு அடையாளங்களை ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். ஆனாலும் பருவில் முதலில் எண்ணெய் அடைப்பு, பிறகு கிருமி, கடைசியில்தான் அழற்சி என்றே மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. 2003இல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் அந்த வரிசையை அசைத்தார்கள். பரு வரும் உடம்பில், இன்னும் பரு எழாத தோலிலேயே அழற்சி தொடங்கிவிடுவதைக் கண்டார்கள்.

மஞ்சளின் குர்குமின் ஆய்வகத்தில் அழற்சியைத் தணிக்கிறது. பருவுக்கு உறுதியான மருந்தென்று நிறுவப்படவில்லை. ஆனால் ஆயா கிள்ளாதே என்றது முழுக்கச் சரி. கிள்ளினால் அழற்சி ஆழமாகும், தழும்பு நிற்கும்.

அந்தக் கல் இருந்த இடத்துக்கு வெளுப்புக் களிம்பு வந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பைச் சில நாள் அடக்கும், பிறகு புதிதாகப் பருக்களைக் கிளப்பும். அத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதென 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. பிள்ளைகளின் முகத்துக்கு அவற்றைச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.