பேஸ் கிதார் பெடல் தொடரில் மட்ட ஒழுங்கும் முகடு வெட்டும்

1. நோக்கம்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். இங்குள்ள தொழிற்பேட்டைச் சூளைகளில் வெந்து வரும் இன்சுலேட்டரும் பியூஸ் கேரியரும் மின்சாரம் தன் வழியை விட்டு விலகாமல் காக்கும் பொருள்கள். பீங்கான் இனத்தைச் சேர்ந்த வேறு சில பொருள்கள் மின்குறியைப் பிறப்பிக்கவும் தேக்கவும் செய்கின்றன. அவை பேஸ் கிதாரின் பிக்கப் காந்தத்திலும் பெடல்களின் மின்சுற்றிலும் இடம்பெறுகின்றன. இவ்வூரிலும் நெய்வேலி, சிதம்பரம் வட்டாரத்திலும் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மேடையேறும் மெல்லிசைக் குழுவின் பேஸ் கலைஞரை மனத்தில் வைத்து இக்கட்டுரையை அமைக்கிறோம்.

அக்கலைஞரின் பொறுப்பு பெரிது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ், பாட்டுக்கு இணையாகத் தனி இசைவரியாகவே நடக்கிறது. அதன் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்க வேண்டும். ஏ.ஆர்.ரகுமானின் இசையில், 1992-இல் வந்த ‘ரோஜா’ முதற்கொண்டு, சிந்தசைசர் எழுப்பும் தடித்த பேஸும் உண்டு; கீத் பீட்டர்ஸ் போன்றோர் கிதாரில் வாசித்த பேஸும் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒரே கச்சேரியில், ஒரே கருவியில் எழுப்ப வேண்டியிருப்பதால் கம்ப்ரசர், ஆக்டேவ், ஓவர்டிரைவ், ஈக்வலைசர் எனப் பெடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. கோத்தபின் ‘சவுண்டு கிழிகிறது’ என்ற முறையீடு எழுகிறது. எந்தப் பெடலில் கிழிகிறது என்பதுதான் தெரிவதில்லை.

நாம் நிறுவ விழைவது இதுவே: முகடு வெட்டு தன்னளவில் குற்றமன்று, அது நிகழும் இடத்தைக் கலைஞர் தெரிந்தெடுக்காமல் விடுவதே குற்றம். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி மேல்வரம்பு உண்டு. ஆகவே தொடரின் மட்டத்தைக் கடைசிக் குமிழில் சரிசெய்ய முடியாது. வாயில்தோறும் சரிசெய்ய வேண்டும்.

2. வரையறைகள்

2.1 மின்குறி: தந்தியின் அதிர்வுக்கு ஏற்ப நேரத்தோடு மாறும் மின்னழுத்தம். நான்கு தந்தி பேஸில் திறந்த தந்திகளின் அடிப்படை அதிர்வெண்கள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஐந்தாம் தந்தி சேர்ந்தால் கீழெல்லை 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

2.2 மட்டம்: மின்குறியின் அளவு. இதற்கு இரு முகங்கள் உண்டு. காதுக்கு உரப்பாகப் படுவது பெரும்பாலும் சராசரி மட்டம். சுற்றின் வரம்பில் முட்டுவது உச்ச மட்டம். சீரான சைன் அலையில் உச்சம், சராசரியைவிட 3 டெசிபல் மட்டுமே உயர்ந்து நிற்கும். விரலால் தட்டி இழுக்கும் ‘ஸ்லாப்’ வாசிப்பில் இந்த இடைவெளி மிகப் பெரியது.

2.3 பெருக்கம்: ஒரு நிலைக்குள் நுழையும் மட்டத்துக்கும் வெளியேறும் மட்டத்துக்கும் உள்ள விகிதம். மின்னழுத்தம் இரு மடங்கானால் 6 டெசிபல், நான்கு மடங்கானால் 12, பத்து மடங்கானால் 20. விகிதம் ஒன்றாக இருப்பதைச் சமப்பெருக்கம் என்போம்.

2.4 மேல்வரம்பு: ஒரு சுற்று உருக்குலையாமல் வெளியிடக்கூடிய உச்ச மின்னழுத்தம்.

2.5 மேலிடம்: வாசிப்பின் உச்ச மட்டத்துக்கும் மேல்வரம்புக்கும் நடுவே ஒதுக்கப்படும் இடைவெளி.

2.6 இரைச்சல் அடிமட்டம்: வாசிக்காதபோதும் சுற்றில் இருக்கும் சீற்றமும் ஹம்மும்.

2.7 முகடு வெட்டு: மின்குறி மேல்வரம்பை மீற முயலும்போது அலையின் முகடு தட்டையாதல். தட்டையான முகடு, முன்பு இல்லாத மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது. சூளையில் வெப்பம் மிஞ்சித் தொய்ந்த கலத்தைப் பின்பு குறைந்த சூட்டில் வைத்து நிமிர்த்த முடியாததுபோல, ஒரு நிலையில் வெட்டுண்ட முகட்டைப் பின்வரும் நிலையின் வால்யூமைக் குறைத்து மீட்க முடியாது. வெட்டுண்ட ஒலி சிறிதாகுமே தவிர, தெளிவாகாது.

3. மட்டத்தின் வகைகள்

மேடையில் நான்கு வகை மட்டங்கள் புழங்குகின்றன. முதலாவது மைக் மட்டம். சில மில்லிவோல்ட் அளவினது. இரண்டாவது கருவி மட்டம். பேட்டரியில்லாத பிக்கப், மென்மையான வாசிப்பில் வோல்ட்டின் சிறு பின்னத்தையே தரும். அழுத்தி வாசித்தால் உச்சம் ஒரு வோல்ட்டையும் தாண்டும். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ் இதைவிட வலிய குறியைத் தர வல்லது. மூன்றாவது லைன் மட்டம். தொழில்முறைக் கருவிகளில் இதன் குறியளவு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளில் 0.32 வோல்ட். நான்காவது, ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் பெரு மட்டம். இது பெடல் தொடருக்கு அப்பாற்பட்டது.

பெடல்கள் கருவி மட்டத்துக்காகவே வகுக்கப்பட்டவை. 9 வோல்ட் பெடல் ஒன்றைக் கொள்வோம். அதன் சுற்று 4.5 வோல்ட்டை நடுக்கோடாகக் கொண்டு மேலும் கீழும் ஆடுகிறது. டி.எல்.072 போன்ற பழகிய ஆப்-ஆம்ப், இரு விளிம்புகளையும் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வரை நெருங்குமே தவிரத் தொடாது. எஞ்சுவது இருபுறமும் 3 வோல்ட். அதே சுற்று 18 வோல்ட்டைத் தாங்குமானால் இருபுறமும் 7.5 வோல்ட் கிட்டும். மேலிடம் 8 டெசிபல் கூடும். தயாரிப்பாளர் 18 வோல்ட்டுக்கு இசைவு தராத பெடலில் இதைச் செய்தல் தகாது, பாகங்கள் கெடும்.

4. முகடு வெட்டின் இனங்கள்

4.1 வடிவால் இரண்டு. வளைந்து தட்டையாவது மென்வெட்டு. நறுக்கென்று தட்டையாவது வன்வெட்டு. டையோடுகளை ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில் வைத்தால் முன்னது கிடைக்கும். ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் இதற்குச் சான்று. டையோடுகளைக் குறியின் பாதையிலிருந்து தரைக்கு இணைத்தால் பின்னது கிடைக்கும், பாஸ் டி.எஸ்.-1 இதற்குச் சான்று. சிலிக்கன் டையோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டிலும், ஜெர்மானியம் 0.3 வோல்ட் அளவிலும், சிவப்பு எல்.இ.டி. 1.7 வோல்ட் அளவிலும் வெட்டத் தொடங்கும்.

4.2 சமச்சீரால் இரண்டு. மேல்முகடும் கீழ்முகடும் ஒப்ப வெட்டப்பட்டால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் பிறக்கும். ஒருபுறம் மிகுத்து வெட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்களும் சேரும்.

4.3 ஊடகத்தால் இரண்டு. அனலாக் சுற்று வரம்பை நெருங்கும்போது முன்னறிகுறி காட்டுவதுண்டு. டிஜிட்டல் பெடலின் நுழைவில் முழு அளவைத் தாண்டிய எண் என்று ஒன்று இல்லை, வெட்டு உடனடியானது. அதற்குள் கணக்கிட்டு உண்டாக்கப்படும் மேற்சுரங்கள், மாதிரி எடுக்கும் வேகத்தின் பாதியைத் தாண்டினால், சுரத்தோடு உறவில்லாத அதிர்வெண்களாக மடங்கித் திரும்பும்.

4.4 கருத்தால் இரண்டு. கலைஞர் வேண்டி நிகழ்த்துவது கருதிய வெட்டு. அவர் அறியாமல் நிகழ்வது கருதாத வெட்டு. மேற்கூறிய இனங்கள் அனைத்தும் இவ்விரண்டுள் அடங்கும்.

கருதிய வெட்டுக்கு நியாயமான பயன் உண்டு. திருவிழாத் தெருக்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஆழ்ந்த ஒலிகளை எழுப்ப வல்லதன்று. அடித்தந்தியின் 41 ஹெர்ட்ஸ் அதில் வராது. ஆனால் அச்சுரத்தின் மேற்சுரங்கள் 41-இன் மடங்குகளாக அடுக்கப்பட்டு, அவற்றுள் சில குழாய்க்குள் புகுந்துவிட்டால், செவி அவற்றின் இடைவெளியைக் கொண்டு இல்லாத அடிப்படைச் சுரத்தை உணர்ந்துகொள்கிறது. சிறிதளவு வெட்டு பேஸைத் தெருக்கோடி வரை கேட்கச் செய்வது இதனால்தான்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இரு சுரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது வெட்டு, அவற்றின் கூட்டலும் கழித்தலுமான அதிர்வெண்களையும் பிறப்பிக்கிறது. 98-உம் 73-உம் சேர்ந்தால் 25 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் உறுமல் எழும். வெட்டு மிகும்போது பேஸ் கலங்கிக் கேட்பதற்கு இது முதற்காரணம்.

5. கருதாத வெட்டின் காரணங்கள்

5.1 மூலத்தின் வலிமை. ஆக்டிவ் பேஸின் குறி, முதல் பெடலின் நுழைவிலேயே வரம்பை முட்டலாம். இங்கே பெடலின் வால்யூமைக் குறைப்பது பயன் தராது. கருவியின் வால்யூமைக் குறைக்க வேண்டும்.

5.2 பெருக்கங்களின் குவிவு. இதுவே மிகப் பரவலானதும் மிக மறைவானதும் ஆகும். ஒரு கணக்கைப் படிப்படியாகக் காண்போம். வாசிப்பின் உச்சம் 0.6 வோல்ட். கம்ப்ரசரின் வெளியீட்டில் 6 டெசிபல் கூட்டினோம், 1.2 வோல்ட் ஆயிற்று. அடுத்துள்ள ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸ் சறுக்குக் குமிழை 12 டெசிபல் ஏற்றினோம். பேஸின் ஆற்றல் பெரும்பாலும் அப்பகுதியிலேயே இருப்பதால் உச்சம் 4.8 வோல்ட்டை நாடும். மேல்வரம்போ 3 வோல்ட். ‘டிரைவ்’ என்று எழுதப்பட்ட குமிழ் ஒன்றுகூட இல்லாத இடத்தில் வெட்டு நிகழ்ந்துவிட்டது. ஈக்வலைசரின் வால்யூம் குமிழ் பெரும்பாலும் வெட்டுண்ட பின்பே செயற்படுவதால் அதைக் குறைத்தும் தீராது. கம்ப்ரசரில் கூட்டிய 6 டெசிபலைத் திரும்பப் பெற்றால் உச்சம் 2.4 வோல்ட்டில் நின்று வெட்டு நீங்கும்.

5.3 மின்வழங்கலின் தளர்ச்சி. 9 வோல்ட் பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினால், மேற்சொன்ன சுற்றில் ஆடுமிடம் இருபுறமும் 3 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டாகச் சுருங்கும், 3.5 டெசிபல் மேலிடம் இழக்கப்படும். எந்தக் குமிழும் நகரவில்லை. ஆயினும் ஒலி கிழியும். ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடல்களுக்கும் கிளை இழுக்கும்போது, அடாப்டரின் மில்லியாம்பியர் கொள்ளளவு பெடல்களின் மொத்தத் தேவையைவிட மிகுந்திருக்க வேண்டும். டிஜிட்டல் பெடல் ஒன்றே நூற்றுக்கணக்கான மில்லியாம்பியரை உண்ணக்கூடும்.

மின்வழங்கலோடு ஒட்டிய இன்னொரு தொல்லை ஹம். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அடித்தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் சேரும்போது வினாடிக்கு ஒருமுறை ஒலி பொங்கித் தாழும். சுரம் தள்ளாடுவதாகத் தோன்றும் இக்குறையைச் சுருதி கூட்டித் தீர்க்க இயலாது. எர்த் இணைப்பைச் சீராக்கியே தீர்க்க வேண்டும்.

5.4 பொருளின் இயல்பு. பீங்கான் மின்தேக்கிகள் இருவகைப்படும். சி0ஜி எனக் குறிக்கப்படும் முதல் வகுப்பு, மின்னழுத்தம் மாறினாலும் தன் கொள்ளளவு மாறாதது. எக்ஸ்7ஆர் போன்ற இரண்டாம் வகுப்பு பேரியம் டைட்டனேட்டால் ஆனது. சிற்றுருவில் பெருங்கொள்ளளவு தருவது. ஆயினும் அதன் கொள்ளளவு அழுத்தத்துக்கேற்ப மாறுகிறது. அதனால் வெட்டு இல்லாத மட்டத்திலும் சிறிது உருக்குலைவு சேரும். மேலும் பேரியம் டைட்டனேட் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் இயல்புடையது. பலகை மேடையில் பேஸ் பெட்டியின் அருகே கிடக்கும் பெடலை விரலால் தட்டிப் பார்த்தால் ‘டொக்’ என்று ஸ்பீக்கரில் கேட்பது சில வேளை இதனால்தான். குறி செல்லும் பாதையில் சி0ஜி அல்லது பிலிம் மின்தேக்கியும், மின்வழங்கலைச் சீராக்கும் இடத்தில் எக்ஸ்7ஆரும் அமைவது தக்கது.

5.5 ஈற்றுப் பொருத்தமின்மை. பெடல் தொடரின் வலுவான வெளியீட்டை மிக்சரின் மைக் துளையில் நேரே செருகினால் அங்கே வெட்டு உறுதி. இடையில் டி.ஐ. பெட்டி வேண்டும். அதிலுள்ள, 12-க்கு 1 என்ற சுற்று விகிதமுள்ள டிரான்ஸ்ஃபார்மர், மட்டத்தை ஏறத்தாழ 22 டெசிபல் இறக்கி மைக் துளைக்கு ஏற்றதாக்கும்.

6. தொடரின் நிலைகள்

முதல் நிலை ஏற்பு. பிக்கப்பைத் தளர்த்தாமல் குறியைப் பெற, முதல் பெடலின் நுழைவு மின்மறுப்பு ஏறத்தாழ 1 மெகா ஓம் இருத்தல் நன்று. தொடரின் இரைச்சலைப் பெரிதும் தீர்மானிப்பதும் இந்நிலையே. இங்கே பிறக்கும் சீற்றத்தைப் பின்வரும் நிலைகள் எல்லாம் பெருக்கும். ஆகவே வேண்டிய பெருக்கத்தை முன்னரே செய்து, மேலிடத்தையும் விட்டுவைக்க வேண்டும்.

இரண்டாம் நிலை உணர்வு. ஆட்டோ-வா போன்ற பெடல்கள் விரலின் அழுத்தத்துக்கேற்பத் திறந்து மூடுபவை. கம்ப்ரசர் அந்த வேறுபாட்டைச் சமன் செய்துவிடுமாதலால் இவை அதற்கு முன் நிற்க வேண்டும். ஆக்டேவ் பெடலும் தூய குறியையே நாடும்.

மூன்றாம் நிலை அடக்கம். 4-க்கு 1 என்ற விகிதத்தில் கம்ப்ரசர், எல்லையைத் தாண்டிய 12 டெசிபலை 3 ஆக்கும். ஆனால் அது வினைப்படச் சிறிது நேரம் எடுக்கிறது. அதற்குள் ஸ்லாப்பின் முதல் உச்சம் தப்பிச் சென்றுவிடும். கம்ப்ரசர் இருப்பதால் மேலிடம் வேண்டா என்பது பிழை.

நான்காம் நிலை கருதிய வெட்டு. டியூப் ஸ்க்ரீமர் போன்ற கிதார் ஓவர்டிரைவ் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைக் குறைவாகவே பெருக்குவதால், அதில் பேஸின் உடல் மெலியும். வெட்டுண்ட குறியோடு தூய குறியைக் கலந்து தரும் ‘பிளெண்ட்’ குமிழுள்ள பெடலே பேஸுக்கு உகந்தது: ஆழத்தைத் தூய குறியும் விளிம்பை வெட்டுண்ட குறியும் தரும்.

ஐந்தாம் நிலை திருத்தமும் ஒப்படைப்பும். ஈக்வலைசரில் கூட்டுவதைவிட, வேண்டாத பகுதியைக் குறைத்தலே முதல் வழி. குறைப்பு மேலிடத்தைக் கூட்டும், கூட்டல் அதை உண்ணும். இறுதியில் டி.ஐ. பெட்டி.

7. அளந்தறியும் முறை

ஆஸிலோஸ்கோப் இல்லாதவரும் சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு மேல்வரம்பைக் காணலாம். பேஸின் அதிர்வெண்கள் மீட்டரின் ஏ.சி. அளவைக்குள் அடங்குபவை. கைபேசிச் செயலியில் 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை எழுப்பி, ஹெட்போன் துளையிலிருந்து பெடலுக்குள் செலுத்துக. பெடலின் வெளியீட்டில் மீட்டரை வைத்து, உள்ளிடுவதை இரு மடங்காக்கும்போது வெளியீடும் இரு மடங்காகிறதா என்று நோக்குக. ஆகாத இடத்தில் மேல்வரம்பு தொடங்குகிறது. காட்டும் எண்ணை 1.4-ஆல் பெருக்கினால் உச்ச அளவு கிட்டும். 3 வோல்ட் உச்சமுள்ள பெடலில் மீட்டர் 2.1 அளவில் தடுமாறத் தொடங்கும்.

பிறகு பெடல்களை வரிசைப்படி ஒவ்வொன்றாக மிதித்து, இயக்கியபோதும் அணைத்தபோதும் மட்டம் ஒத்திருக்குமாறு அதன் வால்யூமை வைக்க வேண்டும். சமப்பெருக்கத்தில் தொடங்கியபின், தனி வாசிப்புக்கு உரப்பு வேண்டுமிடத்தில் மட்டும் ஒரே ஒரு பெடலில் 3 முதல் 6 டெசிபல் கூட்டலாம். சோதிக்கும்போது கச்சேரியில் வாசிக்கும் மிக வலிய அடியையே வாசித்துச் சோதித்தல் வேண்டும். மென்மையாகத் தடவிப் பார்த்து வைத்த மட்டம் முதற்பாட்டிலேயே முறியும்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று விதிகள் பெறப்படுகின்றன. ஒன்று, வெட்டு நிகழும் நிலை தொடரில் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அதுவும் கலைஞர் தேர்ந்ததாக இருத்தல் வேண்டும். இரண்டு, ஏனைய நிலைகள் அனைத்திலும் வலிய வாசிப்புக்கு மேல் குறைந்தது 6 டெசிபல் மேலிடம் ஒதுக்குதல் வேண்டும். மூன்று, கிழிசல் கேட்டால் கடைசிக் குமிழிலிருந்து பின்னோக்கித் தேடாமல், கருவியிலிருந்து முன்னோக்கி, ஒவ்வொரு பெடலாகச் சேர்த்துக்கொண்டே தேடுதல் வேண்டும். குறை முதன்முதலில் தோன்றும் பெடலின் நுழைவு மட்டமே திருத்தத்துக்கு உரியது. இம்மூன்றையும் கைக்கொள்ள விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மேடையேறுமுன் ஒதுக்கும் கால்மணி நேரமும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.